அடுத்த ஆள்

பெருஞ்செவி நாட்டின் கோட்டை வாசலில் ஒரு காது இருந்தது. பித்தளைக் காது. யானை தும்பிக்கையைத் தூக்கினால்தான் அதன் மேல்மடலைத் தொடமுடியும். குடிமக்கள் சொல்வதை எல்லாம் அரசர் அந்தக் காது வழியாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்பது அந்நாட்டுப் பாடப்புத்தகத்தின் முதல் பாடம். கேட்டு என்ன செய்தார் என்பது இரண்டாம் பாடம். அது இன்னும் அச்சாகவில்லை.

அந்த நாட்டில் தேர்தலும் உண்டு. ஆண்டுக்கொரு முறை, உள்ளேன் நாள் அன்று, எல்லாரும் காதின் முன்னால் கூடவேண்டும். பெயர் வாசிப்பார்கள். "உள்ளேன் ஐயா" என்று சொன்னால் அது அரசருக்கு விழுந்த வாக்கு. பேசாமல் இருந்தால் மும்முறை அழைப்பார்கள். அப்போதும் பேசாவிட்டால் அப்படி ஓர் ஆளே இல்லை. இல்லாத ஆள் எப்படி எதிர்த்து வாக்களிப்பார்? ஆகவே அரசர் ஒவ்வொரு முறையும் ஒருமனதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அயல்நாட்டுத் தூதர்கள் வந்து பார்த்து, இவ்வளவு அமைதியான தேர்தலை எங்கும் கண்டதில்லை என்று எழுதிக்கொடுத்துவிட்டுப் போனார்கள்.

ஆவுடையின் கணவன் சுடலை அப்படித்தான் இல்லாமல் போனான். அவன் பெயரை வாசித்தபோது அவன் வேலியோரம் ஒதுங்கியிருந்தான். "இந்தா வாரேன்!" என்று குரல் கொடுக்கத்தான் செய்தான். "இந்தா வாரேன்" என்பது "உள்ளேன் ஐயா" ஆகாது என்று தீர்ப்பாயிற்று. அன்றிலிருந்து அவன் வீட்டில் இருந்தான், சாப்பிட்டான், ஒழுகும் கூரையை மாற்றினான். ஆனால் சட்டப்படி கிடையாது. அவன் பங்கு அரிசி நின்றது. தலைவரியும் நின்றது.

"இல்லாம இருக்கதுலயும் ஒரு சொகம் இருக்குட்டி" என்பான்.

ஆவுடைக்குச் சிரிப்பு வராது. மகளுக்காக எந்த வாசலில் போய் நின்றாலும் 'தகப்பன் இல்லாத பிள்ளை' என்றுதான் சொல்லவேண்டியிருந்தது. தகப்பன் அந்தப் பிள்ளையைத் தோளில் வைத்துக்கொண்டு பக்கத்திலேயே நிற்பான்.

பிள்ளையின் பெயர் தும்பை. தும்பை என்று கூப்பிட்டால் அவள் திரும்புவதில்லை. காது கேட்காமல் இல்லை; பக்கத்து வீட்டில் நூல் உருளும் சத்தத்துக்கு எழுந்து ஓடுவாள். தானாக ஒரு சொல் பேசியதில்லை. ஆனால் எங்கோ கேட்டது என்றைக்கோ வெளியே வரும், கேட்ட குரலிலேயே வரும். மோர்க்காரி கூவியதை நான்கு நாள் கழித்து, மோர்க்காரியின் மூக்கடைப்போடு கூவுவாள். சுடலைக்கு அதில் பெருமை. ஆவுடைக்கு அப்படி இல்லை. இத்தனை பேருடைய குரல் இவளுக்குள் இருக்கிறதே, இவளுடைய குரல் எங்கே ஒளிந்திருக்கிறது என்று நினைப்பாள்.

ஆவுடை சாயப்பட்டறையில் நூல் முக்கும் வேலை செய்தாள். கூடவே வேலை பார்க்கும் ராக்குவின் கைக்குழந்தை, பெயர் சொன்னதும் பொக்கைவாயைத் திறந்துகொண்டு திரும்பும். அப்போதெல்லாம் ஆவுடை தொட்டிக்குள் பார்வையைப் போட்டுக்கொள்வாள். ஒரு பச்சைப்பிள்ளை மேல் பொறாமைப்படுகிறோம் என்பது அவளுக்குத் தெரிந்தே இருந்தது. அதை யாரிடமும் சொன்னதில்லை. தன்னிடம்கூட முழுதாகச் சொல்லிக்கொண்டதில்லை.

தும்பைக்குத் தண்ணீர் என்றால் உயிர். ஆறு, கிணறு, தொட்டி, எது தெரிந்தாலும் அதை நோக்கி நடப்பாள். ஓரத்தில் நிற்கவேண்டும் என்று தெரியாது. அதனால் ஆவுடை தன் இடுப்புக்கும் பிள்ளையின் இடுப்புக்கும் ஒரு பழைய சேலைக் கிழிசலைக் கட்டியிருந்தாள். ஒருநாள் முடிச்சு அவிழ்ந்தது. ராக்கு அலறியபோது தும்பை அவுரித் தொட்டிக்குள் நெஞ்சளவு சாயத்தில் நின்று, விரல்களை விரித்து விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். இன்னும் இரண்டடி வைத்திருந்தால் தலை முங்கும் ஆழம். வெகுநாள் வரை பிள்ளை நெஞ்சுக்குக் கீழே நீலமாகவே இருந்தாள்.

"ஏட்டி, இது கட்டிவச்சுக் காக்குற காரியம் இல்ல" என்றாள் ராக்கு. "அக்கரையில பழக்குமனை இருக்காம்லா. இப்படிப் பிள்ளையளோட உக்காந்து, பையப் பையப் பழக்குதாவளாம். அரமனையிலருந்து செலவுக்குத் துணைப்படியும் குடுக்காவ. ஆனா பால்பல்லு விழுகதுக்குள்ள போயிரணுமாம். பல்லு விழுந்த பிள்ளைய சேக்கமாட்டாவளாம்."

ஆவுடை பிள்ளையின் வாயைத் திறந்து பார்த்தாள். கீழ்வரிசை முன்பல் ஒன்றைத் தும்பை நாக்கால் தள்ளிக்கொண்டிருந்தாள். அது ஆடியது.

அரண்மனை வைத்தியர் பிள்ளையைப் பார்த்தார். தும்பை அவரைப் பார்க்கவில்லை. அவருடைய கடுக்கனைப் பார்த்தாள். அவர் ஒரு காகித நறுக்கில், 'தன்னுலகப் பிள்ளை என்று சந்தேகம்' என்று எழுதினார்.

"சந்தேகம்னா என்னங்கய்யா?"

"எனக்கு ஐயமே இல்லையம்மா. ஆனால் உறுதி என்று எழுதினால் படி கொடுக்கவேண்டி வரும். சந்தேகம் என்றுதான் எழுதச் சொல்லியிருக்கிறார்கள்."

அந்த நறுக்கோடு அவள் வருகை மண்டபத்துக்குப் போனாள். மனு, பங்கு அரிசி, எதுவானாலும் அங்கேதான் பெயர் வாசிப்பார்கள். வருகை அதிகாரி மேகவர்ணர் உயரமான மேடையில் அமர்ந்திருந்தார். அந்நாட்டில் அவரைப்போல் அழுத்தம் திருத்தமாகப் பெயர் வாசிக்க ஆள் இல்லை என்பார்கள். நறுக்கைக் கையை நீட்டித் தள்ளிப் பிடித்துப் படித்தார்.

"சந்தேகம் என்றல்லவா எழுதியிருக்கிறது? சந்தேகத்தின் பலன் குற்றவாளிக்குத்தான் உண்டு. இக்குழந்தை ஏதேனும் குற்றம் செய்திருக்கிறதா?"

"இல்லீங்கய்யா."

"அப்படியானால் பலனுக்கு வழியில்லை. போகட்டும், அரசர் கருணையாளர். நேரில் சோதித்துப் பார்ப்போம். குழந்தை ஏன் பாதி நீலமாக இருக்கிறது?"

"சாயத்துல இறங்கிட்டா, அய்யா."

"குறித்துக்கொள்ளும்" என்றார் எழுத்தரிடம். "மனுதாரர் மேற்பாதி ஒரு நிறம், கீழ்ப்பாதி வேறு நிறம். இரண்டு பேராக இருக்கக்கூடும்." பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு வாசித்தார். "ஆவுடை மகள் தும்பை!"

தும்பை மேடையின் விளிம்பில் ஓடிய பித்தளைப் பட்டையை விரலால் தடவிக்கொண்டிருந்தாள்.

"ஆவுடை மகள் தும்பை! ஆவுடை மகள் தும்பை!" மேகவர்ணர் இரண்டு நொடி காத்திருந்தார். பிறகு, தினம் நூறு முறை சொல்லிப் பழகிய ராகத்தில், கடைசிச் சொல்லை உயர்த்தி முடித்தார். "மும்முறை அழைத்தும் ஆள் இல்லை. அடுத்த ஆள்!"

"அய்யா, இந்தா நிக்காளே! பேரு சொன்னாத் திரும்பமாட்டான்னுதானே மனுவே போட்டிருக்கேன்?"

"அம்மா, நன்றாகக் கேள். அழைத்ததும் பதில் சொல்லியிருந்தால் குழந்தைக்குக் குறை ஒன்றும் இல்லை, படி இல்லை. பதில் சொல்லாததால் குழந்தையே இல்லை. இல்லாத குழந்தைக்கு ஏது படி? இரண்டில் எது உனக்கு விருப்பமோ அதைத் தேர்ந்தெடுக்கலாம். இது சுதந்திர நாடு."

அடுத்தமுறை ஆவுடை ஒரு தந்திரம் செய்தாள். மேகவர்ணர் பெயரைச் சொல்லி வாய் மூடுமுன், பிள்ளையின் தலைக்குப் பின்னால் குனிந்து, "உள்ளேன் ஐயா" என்றாள். மண்டபமே திரும்பிப் பார்த்தது. அந்த வாரமே ஆணை வந்தது: ஒருவருக்காக இன்னொருவர் உள்ளேன் சொல்வது ஆள்மாறாட்டம். தாய் சேய்க்காகவும், தாரம் கணவனுக்காகவும், யாரும் எவர் பொருட்டும் சொல்லக்கூடாது. யாருக்கும் விலக்கு இல்லை.

"மாமன்னருக்கும் விலக்கு எழுதவேண்டாமா?" என்று எழுத்தர் கேட்டார்.

"அரசருக்கு விலக்கு வேண்டும் என்று எழுதினால், அரசர் சட்டத்துக்கு அஞ்சுகிறார் என்று ஆகிவிடாதா? மடையா!" என்றார் மேகவர்ணர்.

அந்த ஆணையால் ஊரில் பாதிப்பேர் காணாமல் போனார்கள். காய்ச்சலில் கிடந்தவர்கள் இல்லை ஆனார்கள். வாய்பேசாத குயவர் ஒருவர் சக்கரத்தைச் சுற்றியபடியே இல்லாமல் போனார். பெயர் வாசிக்கும்போது தாய்மார் கைக்குழந்தைகளைக் கிள்ளி அழவைத்தார்கள். அழுகை பதில் ஆகாது என்று இன்னோர் ஆணை வந்தது. ராக்குவின் பிள்ளையும் போயிற்று.

"ஒம் புருசன் பாடு தேவல, ஆவுட" என்றாள் ராக்கு. "அவரு இல்லாம இருந்தாலும் சோறு கேக்கத் தெரியுது. எம் பிள்ளைக்குப் பாலு ஊத்துதேன்னா, இல்லாத பிள்ளைக்கு எதுக்குப் பாலுன்னு கேக்கான் பால்காரன்."

"எங்கூட்டத்துக்கு ஆளு கூடுது" என்றான் சுடலை. "இப்படியே போனா இருக்கவங்கதான் கொறைச்சல்."

மூன்றாவது ஆணை கண்ணைப் பற்றியது. பதில் சொல்லும்போது மனுதாரர் அதிகாரியின் கண்ணைப் பார்க்கவேண்டும். பார்க்காதவர் எதையோ மறைக்கிறார். புரை விழுந்த கிழவர்கள் ஒரே நாளில் கள்ளர்கள் ஆனார்கள். மேகவர்ணருக்கே சற்று மாறுகண் என்பதால், நேராகப் பார்த்தவர்களும் தப்பவில்லை.

ஆவுடை விடவில்லை. மண்டபத்தின் பின்பெஞ்சில் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். முறை வரும்வரை, மேடையிலிருந்து அதே ராகம் மிதந்து வந்துகொண்டே இருக்கும். மும்முறை அழைத்தும் ஆள் இல்லை. அடுத்த ஆள்! தும்பை காதைப் பொத்திக்கொண்டு முன்னும் பின்னும் ஆடுவாள். நாக்கு அந்தப் பல்லைத் தள்ளிக்கொண்டே இருக்கும்.

வீட்டில் ஆவுடை அவளுக்கு உள்ளேன் சொல்லிக்கொடுத்துப் பார்த்தாள். வெல்லத்தைக் காட்டி, நூல் கண்டைக் காட்டி, தும்பை, தும்பை என்று கூப்பிட்டாள். ஒருமுறை, ஒரே ஒருமுறை, பிள்ளை திரும்பியதுபோல் இருந்தது. ஆவுடைக்குக் குலை நடுங்கியது. சந்தோஷத்தில் என்றுதான் முதலில் நினைத்தாள். இல்லை. நாளை மண்டபத்தில் இப்படித் திரும்பிவிட்டால் படி போய்விடுமே என்ற பயம் அது. உலகத்தில் எதற்காக அவள் நெஞ்சு ஏங்கிக் கிடந்ததோ, அது நடந்துவிடக்கூடாது என்று மறுநாள் மண்டபத்தில் உட்கார்ந்து வேண்டிக்கொண்டாள். வேண்டி முடித்ததும் தன் கைகளைப் பார்த்தாள். நகக்கண்ணில் அவுரி நீலம். இந்தக் கைகள் யாருடையவை என்று அவளுக்குத் தெரியவில்லை. இவர்கள் என் மகளைத்தான் இல்லை என்கிறார்கள் என்று நினைத்தேனே. என்னையும் கொஞ்சம் கொஞ்சமாக இல்லாமல் ஆக்கிவிட்டார்களே என்று நினைத்தாள்.

உள்ளேன் நாள் வந்தது. காதின் முன்னால் நாடே கூடியது; இல்லாதவர்களும் வேடிக்கை பார்க்க வந்திருந்தார்கள். கூட்டத்தின் இரைச்சலைத் தும்பையால் தாங்கமுடியவில்லை. ஆவுடை அவளைக் காதின் அடிமடலுக்குக் கூட்டிப்போய் நிறுத்தினாள். பித்தளையின் குளிர்ச்சியில் கன்னத்தை வைத்ததும் பிள்ளை அடங்கினாள்.

முறைப்படி முதற்பெயர் அரசருடையது. ஒவ்வோர் ஆண்டும் மேகவர்ணர் அதை வாசிப்பார், தலைமை அமைச்சர் எழுந்து, "உள்ளார் ஐயா" என்பார், முரசு முழங்கும். அதற்குப் பிறகு குடிமக்களின் பெயர்கள். அவற்றில் முதலாவதாக ஆவுடையின் பெயர் வரும். தெருவாரியாக வாசிப்பார்கள்; கோட்டையை ஒட்டிய முதல் தெரு, அவள் குடியிருந்த சாயப்பட்டறைத் தெரு.

"மாமன்னர் பெருஞ்செவிக்கோ!" என்று வாசித்தார் மேகவர்ணர்.

தலைமை அமைச்சர் எழுந்தார். வாயைத் திறந்தார். யாரும் எவர் பொருட்டும் சொல்லக்கூடாது என்ற ஆணையின் கீழ் அவருடைய கையெழுத்தே இருந்தது நினைவுக்கு வந்து, வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தார்.

மேகவர்ணர் ஏட்டை மூடப்போனார். ஆனால் அழைக்கத் தொடங்கினால் மூன்றையும் முடிக்கவேண்டும் என்பது அவருடைய தொழில்தர்மம்.

"மாமன்னர் பெருஞ்செவிக்கோ! மாமன்னர் பெருஞ்செவிக்கோ!"

எல்லாரும் பித்தளைக் காதைப் பார்த்தார்கள். அதன் உட்சுழியிலிருந்து ஒரு புறா பறந்து போயிற்று. வேறு ஒன்றும் வரவில்லை. அப்படி ஒரு நிசப்தத்தை அந்த நாடு கேட்டதே இல்லை.

அந்த நிசப்தத்தில், காதின் அடிமடலிலிருந்து ஒரு குரல் கேட்டது. மேகவர்ணரின் குரல், மேகவர்ணரின் ராகம், ஆனால் மெல்லியது.

"மும்முறை அழைத்தும் ஆள் இல்லை. அடுத்த ஆள்!"

முதலில் சிரித்தது ராக்குதான். பிறகு இல்லாதவர்கள் சிரித்தார்கள். இருப்பவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்கள்.

"யார் சொன்னது?" என்றார் தலைமை அமைச்சர்.

காவலர்கள் தும்பையைச் சூழ்ந்தார்கள். ஆவுடை பிள்ளையைத் தன் முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். சுடலை குறுக்கே வந்து நின்றான். அவன் இல்லாதவன் என்பதால் காவலர்களுக்கு அவனைத் தள்ளவும் விதி இல்லை.

"ராஜதுரோகம்! குழந்தையைப் பிடியுங்கள்" என்றார் அமைச்சர்.

மேகவர்ணர் அவர் காதருகே குனிந்தார். "பெரியவரே, சற்றுப் பொறுங்கள். துரோகம் என்றால், குழந்தை சொன்னது பொருள் உள்ள வாக்கியம் என்று நாமே ஒப்புக்கொள்கிறோம். பொருள் உள்ள வாக்கியம் என்றால், சட்டப்படி அது சரியான வாக்கியம். சரியான வாக்கியம் என்றால், அரசர்..."

"முடிக்காதீர்!"

"முடிக்கவில்லை. அதற்குப் பதில், குழந்தை சொன்னது பேச்சே அல்ல, நோய்க்குறி என்று சொல்லிவிட்டால்?"

"சொல்லிவிடுவோம். வைத்தியர் எங்கே?"

வைத்தியர் தயாராக இருந்தார். சந்தேகம் என்ற சொல்லை அடித்து உறுதி என்று எழுத அவருக்கு ஒரு மூச்சு நேரம் ஆயிற்று. துணைப்படிக்கும் பழக்குமனைக்கும் மேகவர்ணர் அங்கேயே முத்திரை குத்தினார். ஆடும் பல்லைப் பார்த்து, "உறுதியாக நிற்கிறது" என்றும் எழுதிக்கொண்டார். எல்லாம் முடிந்தபின் ஆவுடையை அழைத்தார்.

"தாய் ஒரு கைநாட்டு வைக்கவேண்டும். 'என் மகள் சொன்ன சொற்களுக்குப் பொருள் ஏதும் இல்லை என்று உறுதி கூறுகிறேன்.' இங்கே."

ஆவுடை மையில் விரலை வைத்தாள். தூக்கமுடியவில்லை. ஆறு வருடமாக இந்தப் பிள்ளையின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தவள் அவள். சரியான இடத்தில், சரியான நேரத்தில் பிள்ளை ஒன்றைச் சொல்லிவிட்டாள். தெரிந்து சொன்னாளா, நிசப்தம் வந்ததும் மண்டபத்து நினைவில் தானாக வந்ததா? அது ஆவுடைக்குத் தெரியாது. தெரியாது என்பதற்கும் பொருள் இல்லை என்பதற்கும் இடையே ஓர் ஆறு ஓடுகிறது என்று மட்டும் தெரிந்தது. அந்த ஆற்றின் அக்கரையில் பழக்குமனை இருந்தது.

"அய்யா, பொருள் இல்லன்னே வச்சுக்கிடுவோம். எனக்கு மட்டும் இருக்கலாமா?"

மேகவர்ணர் யோசித்தார். "வீட்டுக்குள் இருக்கலாம். கதவு சாத்தியிருக்க வேண்டும்."

ஆவுடை கைநாட்டு வைத்தாள்.

மறுநாள் அரசிதழில் வெளியாயிற்று. '"மும்முறை அழைத்தும் ஆள் இல்லை. அடுத்த ஆள்!" என்னும் வாக்கியத்துக்குப் பொருள் எதுவும் இல்லை என்று இதனால் அறிவிக்கப்படுகிறது. அதை யார், எங்கு, எவ்வளவு உரக்கச் சொன்னாலும் அது எதையும் குறிக்காது.'

பெருஞ்செவி நாட்டில் எதைச் சொன்னாலும் ஏதாவது ஒரு குற்றம் ஆகும். விலை ஏறிவிட்டது என்றால் அவதூறு. மழை இல்லை என்றால் அபசகுனம். குற்றமே ஆகாது என்று அரசு முத்திரை குத்திக்கொடுத்த வாக்கியம் இது ஒன்றுதான். மக்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். சந்தையில் பார்த்துக்கொண்டால் ஒருவர், "மும்முறை அழைத்தும் ஆள் இல்லை" என்பார். மற்றவர், "அடுத்த ஆள்" என்பார். அரிசி அளக்கும் இடத்தில் மரக்கால் குறைந்தால் அதையே சொன்னார்கள். கல்யாண வீட்டில் சொன்னார்கள். காவலர்கள் அரசிதழைப் புரட்டிப் பார்த்துவிட்டுப் பேசாமல் போனார்கள். சில காவலர்களும் சொல்லத் தொடங்கினார்கள்.

தும்பை பழக்குமனைக்குப் போய்வரத் தொடங்கினாள். சேர்ந்த சில நாட்களில் பல் விழுந்தது. சுடலை அதைச் சாணத்தில் பொதிந்து கூரைமேல் எறிந்தான். தாகம் எடுத்தால் செம்பை எடுத்துவந்து ஆவுடையின் கையில் வைக்கப் பிள்ளை பழகினாள். தண்ணீரோரம் வந்தால் நின்று, கையை நீட்டுவாள். யாராவது அதைப் பிடித்துக்கொள்ளவேண்டும். பெயருக்கு இன்னும் திரும்புவதில்லை. ஆவுடை இப்போது ஒருமுறை கூப்பிடுவாள். பிறகு எழுந்து போய் அவள் முன்னால் உட்கார்ந்துகொள்வாள்.

அடுத்த உள்ளேன் நாளும் வந்தது. ஆணை அப்படியே இருந்தது. அதைத் திருத்தினால் ஏன் திருத்தினீர்கள் என்ற கேள்வி வரும் என்பதால் யாரும் திருத்தவில்லை. தும்பை தன் இடத்தில், காதின் அடிமடலில் கன்னத்தை வைத்து நின்றாள். அவள் இந்த முறை ஒன்றும் சொல்லவில்லை.

மேகவர்ணர் முதற்பெயரை வாசித்தார். ஒருமுறை. இருமுறை. மும்முறை. காது பளபளத்தது.

நாடு முழுவதும் சேர்ந்து, எந்த அவசரமும் இல்லாமல், பொருளே இல்லாத அந்த வாக்கியத்தைச் சொன்னது.

அடுத்த ஆள் என்ற சொல் காதில் விழுந்தால் ஏட்டைப் புரட்டி அடுத்த பெயரை வாசிப்பது மேகவர்ணருக்கு முப்பது வருடப் பழக்கம். அவர் கை தானாகப் புரட்டியது. வாய் தானாக வாசித்தது.

"ஆவுடை!"

"உள்ளேன்" என்றாள் ஆவுடை.

மேகவர்ணர் பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி, மிச்சச் சொல்லுக்காகக் காத்திருந்தார்.